மலைநாட்டு வழியிலே

சித்திரை மாதம் வந்துவிட்டால் வடபுலத்தார் பலர் நுவரெலியாவை நாடிச் செல்வர். திரும்பி வந்ததும் குளிரைப் பற்றியும் ஏரியிலே படகு விட்டதைப் பற்றியும் கதைப்பர். நாமும் அவ்வெண்ணத்துடனேயே மாணவர் பன்னிருவரை அழைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸிலே புறப்பட்டோம். ஆனால் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசலில் ஒரு மாணவன் எம்மை நிறுத்திவிட்டான்.

"சேர், இந்த மலையடிவாரத்திலை இவ்வளவு பெரிய அம்மன் கோயில் எப்பிடி வந்தது?"

கோப்பித் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளை வரை நடந்தே வந்தனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையாகி வழியிலேயே மாண்டோர் பலர். பிழைத்தவர்கள் முதலிலே கண்ட மலை இதுதான். தம்புள்ளைக்கு இப்பால் நாம் பஸ்ஸிலே உறங்கிக்கொண்டு வந்ததும் அவர்கள் நடந்த அதே வழியே.

கண்டியைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. 1821இல் நிறுவப்பட்ட பேராதனைப் பூங்காவுக்கு மட்டும் அரை நாளாவது ஒதுக்குதல் வேண்டும்.

நுவரெலியா 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அருகிலே 8,281 அடி உயர்ந்து நிற்கும் பிதுருதலாகலை இலங்கையின் மிக உயர்ந்த மலையாகும். சீதாஎலியவில் ஓடைக்கரையிலே சீதையம்மன் கோயில் இருக்கிறது. பாறையிலுள்ள குழிகளை அனுமனின் அடிச்சுவடுகள் என்பர். அதனை ஆராயப் புகுந்த மாணவனொருவன் வழுக்கி ஓடையில் விழுந்தான். ஆராய்ச்சி அத்துடன் முடிந்தது. அப்பாலுள்ள ஹக்கல பூங்கா, மலேரியாவுக்கு மருந்தாகும் சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்ப்பதற்கென 1861இல் தொடங்கப்பட்டது.

நாம் பெரிதும் எதிர்பார்த்தது புகையிரதப் பயணத்தையே. (2025 நவம்பர்ப் புயலில் மலைப்பாதைகள் பல சரிந்தமையால், இனிச் செல்வோர் பாதையின் நிலையை விசாரித்துக்கொண்டு புறப்படுதல் நன்று.) கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லவே இப்பாதையை இட்டனர். 1867இல் அது கண்டியை அடைந்தது. இரண்டாண்டுகளில் இலைநோய் கோப்பியைப் பற்றிக்கொள்ள, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. பாதை 1885இல் நானு ஓயாவுக்கும் 1924இல் பதுளைக்கும் எட்டிற்று. பட்டிப்பொலவில் 6,226 அடி வரை ஏறும் வண்டி பின்னர் இறங்கத் தொடங்குகிறது. தெமோதரையில் நிலையத்தை விட்டுப் புறப்பட்டு, குன்றைச் சுற்றி இறங்கி, அந்நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தினுள் நுழைந்து செல்கிறது! மாணவர் ஆரவாரித்தனர்.

தெமோதரைக்கு அண்மையில் ஒரு தோட்டத்து லயத்திலே முதியவள் ஒருத்தி எம்மை அழைத்துச் சாயத் தேநீர் தந்தாள்.

"நல்ல தூளெல்லாம் கொழும்புக்குப் போயிடுதுங்க. இது எங்களுக்குக் குடுக்கிற தூளு," என்று சிரித்தாள். பேச்சு அவள் தந்தையைப் பற்றித் திரும்பிற்று. "இங்கயே பொறந்தாரு, இங்கயே கொழுந்துக் கூடை சொமந்தாரு. சாகுறவரைக்கும் அவருக்கு நாடு இல்லீங்க ஐயா."

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தையும், நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டத்தையும் வகுப்பிலே பலமுறை கற்பித்திருக்கிறோம். அன்று எமக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை.

திரும்பும் வழியில் ஹோட்டன் சமவெளிக்குச் சென்றோம். உலக முடிவு எனப்படும் செங்குத்துப் பள்ளம் 2,800 அடிக்கு மேற்பட்ட ஆழமுடையது. காலை ஒன்பது மணிக்குள் சேராவிடின் மூடுபனியன்றி வேறொன்றையும் காண்பதரிது. நாம் சற்றுப் பிந்திவிட்டோம். காத்திருந்தோம். சட்டெனப் பனி விலகிற்று. கீழே, மிகக் கீழே, ஒரு தேயிலைத் தோட்டமும் வரிசையாய்க் கூரைகளும் தெரிந்தன. மாத்தளையில் கேள்வி கேட்ட மாணவன் கமெராவை மடியில் வைத்துவிட்டு அக்கூரைகளை எண்ணத் தொடங்கினான். பதினொன்று வரை எண்ணினான். மீண்டும் பனி மூடிற்று.