முதல் ஹிட்டுக்கு அப்புறம் என்ன? டெஃப் லெப்பர்டும் 'ஹிஸ்டீரியா'வும்

தேர்ட் இயர் மினி ப்ராஜெக்ட் சூப்பரா வந்துடுச்சுன்னு வைங்க. ஃபைனல் இயர்ல முதல் ரிவ்யூவுக்குப் போய் நிக்கும்போது கைடு கேக்குற முதல் கேள்வி என்னவா இருக்கும்? "இது போன வருஷத்தோடத விடப் பெருசா இருக்குமாப்பா?" அதுதான். எனக்கும் அதே கேள்விதான் வந்தது. அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல தூக்கம் வராம ஒரு ஆல்பத்தோட கதையைத் தேடிப் படிச்சேன். அதைத்தான் இப்போ உங்களுக்குச் சொல்லப் போறேன்.

டெஃப் லெப்பர்ட், இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உருவான ஹார்ட் ராக் பேண்ட். 1983 ஜனவரியில் வந்த அவர்களுடைய மூன்றாவது ஆல்பம் 'பைரோமேனியா' அமெரிக்காவில் பேய் ஹிட். விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. முதல் இடத்தில் உட்கார்ந்திருந்தது மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்'. அதைத் தாண்ட முடியலைன்னா யாரும் குறை சொல்ல மாட்டாங்க இல்லையா?

அடுத்த ஆல்பத்துக்கு 1984-ல் அயர்லாந்தின் டப்ளினில் உட்கார்ந்து பாட்டு எழுத ஆரம்பித்தார்கள். பிரச்சினையும் அங்கேயே ஆரம்பம். 'பைரோமேனியா'வைத் தயாரித்த மட் லேங், ஓய்வு வேண்டும் என்று விலகிவிட்டார். அவருக்குப் பதில் வந்த ஜிம் ஸ்டைன்மனோடு பேண்டுக்கு ஒத்துப்போகவில்லை. அவரோடு பதிவு செய்ததை எல்லாம் தூக்கிப் போட்டார்கள். செலவு மட்டும் ஏறிக்கொண்டே போனது.

1984 டிசம்பர் 31. ஷெஃபீல்டுக்குப் பக்கத்தில் நடந்த கார் விபத்தில் டிரம்மர் ரிக் ஆலனின் இடது கை போய்விட்டது. டாக்டர்கள் திரும்ப ஒட்ட வைத்தும், தொற்று பரவியதால் எடுக்க வேண்டியதாகிவிட்டது. அப்போது அவருக்கு வயசு 21. இதை எழுதுற எனக்கும் அதே வயசுதான். அந்த வரியைப் படிச்சிட்டு ஃபோனைக் கொஞ்ச நேரம் கீழே வெச்சிட்டேன்.

டிரம்மருக்கு ஒரு கை இல்லை; பின்னாடி மெகா ஹிட், முன்னாடி கடன். வேற ஆளைப் போட்டிருந்தாலும் யாரும் தப்பா நினைச்சிருக்க மாட்டாங்க. ஆனா அவங்க போடல. காத்திருந்தாங்க.

இனிமேதான் நம்ம ஏரியா. சாதாரண டிரம்மில் சத்தத்தின் அளவு அடியின் வேகத்தைப் பொறுத்தது. கையின் வேகம் காலுக்கு வராது. எலக்ட்ரானிக் டிரம்மில் கணக்கே வேற. பேடில் அடி விழுந்ததும் உள்ளே இருக்கும் சென்சார் சின்னதா ஒரு மின் துடிப்பை அனுப்பும். டிரம் ஒலியை எழுப்புவது ஒலிப்பெட்டியின் வேலை. அடித்தது கையா, காலா என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது. இதை வைத்துத்தான் சிம்மன்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ரிக்குக்கென்று ஒரு செட் தயாரானது. இடது கை செய்துகொண்டிருந்த ஸ்னேர், டாம் அடிகளை இனி இடது காலுக்குக் கீழே இருக்கும் பெடல்கள் செய்யும். இன்புட் ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு மாறிடுச்சு, அவ்வளவுதான். ஆனா அந்தக் காலைப் பழக்குறது மனுஷன் வேலை. அதற்கு மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தார். 1986 ஆகஸ்ட்டில் டோனிங்டன் திருவிழா மேடையில் அவர் வாசித்தபோது மொத்தக் கூட்டமும் ஆர்ப்பரித்தது.

இதற்கிடையில் மட் லேங்கும் திரும்பி வந்திருந்தார். அவருடைய திட்டம் 'பைரோமேனியா பார்ட் டூ' கிடையாது. 'த்ரில்லர்' மாதிரி, எந்தப் பாட்டைத் தனியா எடுத்தாலும் ஹிட் ஆகணும். ஆனா ராக் ஆல்பமா இருக்கணும். அதனால் பதிவு செய்யும் முறையையே மாற்றினார்கள். பின்னணிக் குரல்களை அடுக்கடுக்காகப் பாடிச் சேர்த்தார்கள். சில கிட்டார் கார்டுகளை ஒவ்வொரு கம்பியாகத் தனித்தனியாக வாசித்துப் பதிந்தார்கள். டிரம்ஸ்கூட பெரும்பாலும் கணினியில் இருந்த சாம்பிள்களை வைத்துக் கட்டியதுதான். "மெஷின் மாதிரி இருக்கு"ன்னு இன்னைக்கும் சில ராக் ரசிகர்கள் முகம் சுளிப்பாங்க. கேட்டா உங்களுக்கும் அப்படித் தோணலாம்.

கிட்டாருக்குப் பெரிய ஆம்ப் இல்லாமல் ராக்மேன் என்ற கையடக்கப் பெட்டியை நிறையப் பயன்படுத்தினார்கள். அதன் ஒலி மெல்லியது; அதனால் பல லேயர்களை அடுக்கினாலும் குழம்பாது. அதை வடிவமைத்தவர் டாம் ஷோல்ஸ், எம்.ஐ.டி.யில் படித்த மெக்கானிக்கல் இன்ஜினியர். மெக்கானிக்கல் மக்கள் காலரைத் தூக்கி விட்டுக்கலாம்! 'பாஸ்டன்' பேண்டை நடத்தியதும் இவர்தான். 1976-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் பெரிய ஹிட். அடுத்தது 1978-லேயே வந்துவிட்டது. தன்னை அவசரப்படுத்திவிட்டார்கள் என்று ஷோல்ஸுக்கு அதில் திருப்தியே இல்லை. மூன்றாவது ஆல்பத்துக்கு 1986 வரை எடுத்துக்கொண்டார்.

'ஹிஸ்டீரியா' 1987 ஆகஸ்ட்டில் வெளியானது. முந்தைய ஆல்பத்துக்கு நாலரை வருஷம் கழிச்சு! பிரிட்டனில் நேராக முதல் இடம். ஆனால் முக்கியமான மார்க்கெட்டான அமெரிக்காவில் ஆரம்பம் மந்தம். செலவு மட்டுமாவது திரும்பி வரணும்னா பல மில்லியன் காப்பிகள் விற்றாக வேண்டிய நிலை. அவர்களைக் காப்பாற்றியது 'போர் சம் சுகர் ஆன் மீ'. ஆல்பம் முடியப்போகும் நேரத்தில், பாடகர் ஜோ எலியட் இடைவேளையில் சும்மா கிட்டாரைத் தட்டிக்கொண்டிருந்தபோது லேங்கின் காதில் விழுந்து பிறந்த பாட்டு அது. 1988-ல் அது அமெரிக்காவில் சிங்கிளாக வந்த பிறகு விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. அந்த வருஷம் ஜூலையில் ஆல்பம் அங்கே முதல் இடத்தைப் பிடித்தது. மொத்தம் 7 சிங்கிள்கள். உலகம் முழுக்க 2 கோடிக்கும் மேல் விற்றதாகக் கணக்கு.

டைம் நிறைய எடுத்தா எல்லாம் தானா ஹிட் ஆகிடும்னு நான் சொல்ல வரல. நம்ம ரிவ்யூ டேட்டை யாரும் நாலரை வருஷம் தள்ளி வைக்கவும் மாட்டாங்க. நான் கவனிச்சது இதுதான்: "போன தடவை மாதிரியே" ஒண்ணு செய்யணும்னா அவங்களுக்குப் பழைய ரிக், பழைய முறை ரெண்டுமே வேணும். ரெண்டும் இல்லை. இருந்த ஆளை விடாம, முறையை மட்டும் மாத்தினாங்க.

இன்னைக்கு ராத்திரி ஹெட்ஃபோன் போட்டு ஆல்பத்தின் டைட்டில் பாட்டைக் கேளுங்க. முதல் தடவை கிட்டார் லேயர்களை மட்டும் எண்ணிப் பாருங்க. அப்புறம் யூட்யூப்ல அவங்க லைவ் வீடியோ ஒண்ணைத் தேடி, ரிக்கோட இடது காலை மட்டும் பாருங்க. எனக்கு ரெண்டாவது ரிவ்யூ அடுத்த வாரம். இந்தத் தடவை கைடு கேட்டா, "பெருசா இருக்குமான்னு தெரியல சார், ஆனா வேற மாதிரி இருக்கும்"னு சொல்லலாம்னு இருக்கேன்.