துருப்பிடித்த உளிக்குப் போட்டி!

அமெரிக்காவில் வார விடுமுறை நாட்களில், பழைய சாமான்களை வீட்டு வாசலில் பரப்பி விற்பார்கள். கார் கொட்டகையில் நடப்பதால் இதற்குக் "கராஜ் சேல்" என்று பெயர். ஒருவர் இறந்தபின் அவர் வீட்டுச் சாமான்களை விற்பது "எஸ்டேட் சேல்".

தச்சு வேலைப் பிரியர்கள் முந்திப் போய் நிற்பார்கள். அவர்கள் தேடுவது நாற்காலி, மேஜை அல்ல. பழைய உளி, ரம்பம், இழைப்புளி!

பழசுக்கு ஏன் மவுசு?

பிலடெல்பியாவில் ஹென்றி டிஸ்டன் 1840-ல் ரம்பத் தொழில் தொடங்கினார். அந்தப் பெயர் பொறித்த பழைய ரம்பங்களுக்கு இன்றும் கிராக்கி உண்டு. மழுங்கினால் அரம் போட்டுக் கூராக்கலாம். இன்றைய ரம்பங்கள் பலவற்றின் பல்லில் அரம் ஏறாது. மழுங்கினால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

எதைப் பார்ப்பது?

மேலாகப் படிந்த துருவுக்குப் பயம் வேண்டாம். மரப்பிடியைக் கழற்றிவிட்டு, இரும்பை வினிகரில் ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். பிறகு தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் பூச வேண்டும்.

ஆனால் விரிசல் விட்ட இழைப்புளி வேண்டாம். அது வார்ப்பிரும்பு, ஒட்டுவது கஷ்டம். ரம்பத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, கோணல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிடி உடைந்திருந்தால் பரவாயில்லை. புதுப் பிடி செய்துகொள்ளலாம்.

யாரும் எடுக்காத கருவி பழைய இரும்புக்குப் போய்விடும். விவரம் தெரிந்தவர் கையில் கிடைத்தால், இறந்தவரின் இழைப்புளி மறுபடியும் மரம் இழைக்கும்!