காருக்கு அடியில் கடற்காற்று

திருவான்மியூரிலோ பெசன்ட் நகரிலோ கடற்கரையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு, ஐப்பசி கார்த்திகை மாதங்களில் சமையலறை உப்பு ஜாடி நீர் விட்டுக்கொண்டு நிற்பது புதிய விஷயமல்ல. மூடியை எத்தனை இறுக்கமாகத் திருகி வைத்தாலும், காற்றிலுள்ள ஈரத்தை எப்படியோ தேடிப் பிடித்து, கல்லாக இருந்த உப்பு கசிந்து கரைந்துவிடுகிறது. வாசலில் நிற்கும் காரின் அடிப்பாகத்திலும் கடற்காற்று கொண்டுவந்து படியவைத்த உப்பு அதே ஈரத்தைக் குடித்துக்கொண்டு இரவும் பகலும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதை மட்டும் அந்த வீட்டார் நினைத்துப் பார்ப்பதில்லை. ஜாடி கண்ணுக்கு நேரே இருக்கிறது. காரின் அடிப்பாகத்தைப் பார்க்கவேண்டுமானால் தரையில் படுக்கவேண்டும்.

நானும் அப்படிப் படுத்துப் பார்த்தவனல்லன். பதினோராண்டுகள் என்னிடம் உழைத்த ஒரு பழைய காரை வாரந்தோறும் துடைத்து, ஆண்டுதோறும் பாலிஷ் போட்டு, அதன் மேனி மின்னுவதைக் கண்டு உள்ளூரப் பெருமை கொண்டிருந்த எனக்கு, ஒரு மழை நாளில் கால் வைக்கும் இடத்தில் ஜலம் ஊறியபோதுதான் சந்தேகம் தட்டியது. பட்டறையில் டிங்கர் விரிப்பை விலக்கிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் தரைத்தகட்டை லேசாக அழுத்தினார். அது அப்பளம்போல் உடைந்து, கீழே பட்டறையின் மண் தெரிந்தது. "மேல பளபளன்னு வெச்சிருக்கீங்க சார், கீழ வண்டியே இல்ல" என்றார். செல்லரித்த தகட்டை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து முடிக்க 18,000 ரூபாயும் ஒன்பது நாட்களும் ஆயின. அந்தப் பதினோராண்டுகளில் அடிப்பாகத்துக்காக நான் செய்த செலவைக் கணக்குப் பார்த்தேன். ஒரு ரூபாய்கூட இல்லை.

துருவை இரும்பைப் பிடிக்கும் நோய் என்று சொல்லுவது வழக்கமானாலும், உண்மையில் அது இரும்பு தன் பூர்வாசிரமத்துக்குத் திரும்பும் பிரயாணமே ஆகும். பூமியிலிருந்து வெட்டியெடுக்கும்போது இரும்பு பிராணவாயுவோடு கலந்த செம்மண் நிறத் தாதுவாகத்தான் கிடைக்கிறது. உலையில் இட்டுப் பெருந்தீயினால் அந்தப் பிராணவாயுவை விரட்டியடித்து நாம் உருக்காக்கி வைத்திருப்பதை, காற்றும் நீரும் கூடி மறுபடியும் பழைய ஸ்திதிக்கே அழைத்துச் செல்லப் பார்க்கின்றன. ஒரு நீர்த்துளி தகட்டின்மேல் தங்கினால், அதன் ஓரத்துக்குக் காற்றின் பிராணவாயு தாராளமாகக் கிடைக்கிறது, நடுப்பகுதிக்குக் கிடைப்பதில்லை. இந்த ஏற்றத்தாழ்வினாலேயே அந்தத் துளிக்குள் ஒரு சிறு மின்கலம் உண்டாகி, காற்றுக் குறைந்த நடுப்பகுதியில் இரும்பு கரையத் தொடங்குகிறது. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் மடிப்புகளிலும், சக்கரத்துக்கு மேலுள்ள வளைவில் சேறு அப்பிக் காய்ந்த இடங்களிலும், கதவின் கீழ் விளிம்பிலும் துரு முதலில் தலைகாட்டுவதற்கு இதுவே காரணம். வெறும் மழைநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதில்லை. அதில் உப்பு கலந்துவிட்டால் அந்தச் சிறு மின்கலத்துக்குக் கொண்டாட்டம்தான். அன்றியும், காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவிகிதத்தைத் தாண்டினாலே சாதாரண உப்பு தானாகக் கரையத் தொடங்கும் இயல்புடையதாகையால், மழையே பெய்யாத இரவுகளிலும் கடலோரத்துக் காரின் அடிவயிறு நனைந்தே இருக்கிறது.

அலுமினியமும் பிராணவாயுவோடு சேர்கிறது. ஆனால் அங்கே உண்டாகும் மெல்லிய படலம் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு, உள்ளிருப்பதைக் காக்கிறது. இரும்பின் துருவோ, தான் தின்ற இரும்பைக் காட்டிலும் பல மடங்கு பருத்து, ஏடு ஏடாக உரிந்து விழுந்து, அடுத்த ஏட்டுக்கு வழிவிட்டுக்கொண்டே போகிறது.

இந்த அரிமானத்தை ஆராய்வதைத் தன் பிரதான காரியங்களுள் ஒன்றாகக் கொண்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி ஸ்தாபனம் காரைக்குடியில் இருப்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் நன்கொடையாக அளிக்க, 1948-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த ஸ்தாபனம் அது. உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் காயப்போட்டு, எவ்வளவு கரைந்தது என்று எடைபோட்டுப் பார்ப்பதற்காக மண்டபத்தில் அதற்கு ஒரு சோதனை நிலையமும் உண்டு. மண்டபத்தைத் தேர்ந்ததன் பொருத்தத்தை அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் பாம்பன் பாலமே சொல்லும். 1914-இல் திறக்கப்பட்ட அந்த இரும்புப் பாலத்தை எத்தனை தலைமுறைத் தொழிலாளர்கள் சுரண்டிச் சுரண்டி வர்ணம் பூசியும், 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் போவதை நிறுத்தவேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறக்கப்பட்டது.

காருக்கு வருவோம். இக்காலத்துக் காரின் உடல், தொழிற்சாலையிலேயே பல சம்ஸ்காரங்களைப் பெற்றுத்தான் வெளியே வருகிறது. எண்ணெய்ப் பசை போகக் கழுவி, பாஸ்பேட் பூச்சு ஏற்றி, முழு உடலையும் ஒரு பெயின்ட் குளத்தில் மூழ்கவைத்து மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். பிரஷ்ஷோ ஸ்ப்ரே துப்பாக்கியோ எட்டமுடியாத இடுக்குகளிலெல்லாம், ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனத்துக்கு, பெயின்ட் தானே போய்ப் படிகிறது. பிறகு சூளையில் சுட்டு, மூட்டுகளை அடைத்து, அடிப்பாகத்தில் கல் தெறிக்கும் இடங்களுக்குத் தடித்த பி.வி.சி. பூச்சு கொடுக்கிறார்கள். தகடே துத்தநாக முலாம் பூசியதாக இருந்தால் இன்னும் விசேஷம். ஏனெனில் மற்றப் பூச்சுகள் கீறல் விழுந்தால் தோற்றுப்போகின்றன, துத்தநாகமோ கீறல் விழுந்த இடத்திலும் இரும்புக்கு முன்னால் தான் கரைந்து அதைக் காப்பாற்றுகிறது. நம் வீட்டு ஜி.ஐ. வாளி கிணற்றடியில் எத்தனை அடிபட்டும் பல வருஷம் தாங்குவது இதனால்தான். இந்த வித்தையைக் கார் உடலுக்கு முழுமையாகக் கொண்டுவர 1970-களின் நடுப்பகுதியில் போர்ஷேயும், 1980-களின் நடுப்பகுதியில் ஆடியும் முன்வந்தன. அந்த வழக்கம் எல்லா விலைக் கார்களிலும் ஒரே அளவில் இறங்கிவிட்டது என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது.

புதுக் கார் வாங்கும் நாளில், மாலையும் சந்தனமும் ஒருபுறமிருக்க, விற்பனையாளர் நீட்டும் காகிதத்தில் "ஆன்டி ரஸ்ட் கோட்டிங்" என்று ஒரு வரி இருக்கும். சிறிய காருக்கு 3,000 முதல் 5,000 ரூபாய், பெரிய வண்டிக்கு 6,000 அல்லது 7,000 என்ற அளவில் அது அமைவது வழக்கம். அதே வேலை வெளிப் பட்டறையில் ஓரிரு ஆயிரம் குறைவாகவே முடியும். கோயம்புத்தூரிலோ சேலத்திலோ வாசம் செய்து, கூரையுள்ள கொட்டகையில் வண்டியை நிறுத்தி, ஏழெட்டு வருஷத்தில் விற்றுவிடப் போகிறவருக்கு இந்தச் செலவு அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம். கடலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள், தூத்துக்குடி, நாகப்பட்டினம், இராமேசுவரம் வாசிகள், மீன் லாரிகளின் உப்பு நீர் சொட்டிச் சொட்டி ஊறிய சாலையில் நாள்தோறும் போய்வருபவர்கள், இவர்கள் யோசிக்காமல் செய்துகொள்ளலாம். வண்டி புதிதாக, உலர்ந்து, சேறு காணாமல் இருக்கும்போதே செய்துகொண்டால்தான் கொடுத்த பணத்துக்குப் பிரயோஜனமுண்டு.

ஏனெனில் இந்த வேலையின் சாமர்த்தியம் பூசுவதில் இல்லை, பூசுவதற்கு முன்னால் செய்யும் காரியங்களில் இருக்கிறது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, அழுத்தமான நல்ல நீரால் கழுவி, குறைந்தது அரை நாளாவது உலரவிட்டு, துரு கண்ட இடங்களைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, பிரைமர் கொடுத்து, சைலன்சரையும் பிரேக் பாகங்களையும் மறைத்துக் கட்டிவிட்டுத்தான் கறுப்புக் கலவையை அடிக்கவேண்டும். காலையில் வாட்டர் சர்வீஸ், பத்து மணிக்கு ஸ்ப்ரே, பதினொரு மணிக்கு டெலிவரி என்று முடித்துத் தருகிறார்களென்றால், அங்கே நடந்தது ஈரத்தையும் சேற்றையும் உள்ளே வைத்து மெழுகிய காரியமே. தார்ப் பூச்சோ ரப்பர் கலந்த பூச்சோ காய்ந்து வெடித்து ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தாலும், அந்த வழியே நுழைந்த ஜலம் வெளியே வரமாட்டாது. மேலே கறுப்பு கெட்டியாக இருக்க, உள்ளே தகடு சத்தமில்லாமல் உதிர்ந்துகொண்டிருக்கும். பூச்சே இல்லாத தகடாவது வெயிலில் உலர்ந்திருக்கும். மெழுகுக் கலவையும், செம்மறி ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின் கொழுப்பும் இவ்விஷயத்தில் தேவலை. அவை இறுகி வெடிப்பதில்லை, இடுக்குகளில் ஊர்ந்து செல்லும் சுபாவமுள்ளவை. ஆனால் கழுவக் கழுவக் கரைவதால், ஒன்றிரண்டு வருஷத்துக்கொரு முறை மீண்டும் பூசவேண்டும். கதவுகளின் அடியிலும் ரன்னிங் போர்டிலும் நீர் வடிவதற்காக விட்டிருக்கும் சின்னஞ்சிறு துவாரங்களை இந்தக் கலவை அடைத்துவிட்டதா என்று பார்ப்பது வண்டிக்காரர் கையில் இருக்கிறது; பட்டறையில் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

பழைய வாட்டர் சர்வீஸ்காரர்கள் கழிவு ஆயிலையும் டீசலையும் கலந்து அடியில் அடித்துவிடுவார்கள். இரும்புக்கு அது ஒருவாறு நல்லதே. ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும், தெருவையும் நாசம் செய்யும். பேட்டரியோடு இணைத்தால் துருவே வராது என்று ஒரு சிறு மின்கருவியை 10,000, 15,000 ரூபாய்க்கு விற்பவர்களும் உண்டு. கப்பலுக்கும் பூமிக்கடியில் போகும் குழாய்க்கும் இந்த மின்காப்பு மெய்யாகவே உதவுகிறது. ஹம்ப்ரி டேவி 1824-லேயே கப்பலின் செப்புத் தகட்டில் செய்து காட்டியது அது. ஆனால் கப்பல் கடலில் மூழ்கியிருப்பதால் மின்சாரம் சுற்றிவர வழி இருக்கிறது. சாலையில் ஓடும் காரைச் சுற்றிக் காற்றுத்தானே இருக்கிறது?

எல்லாவற்றையும்விட எனக்கு வேடிக்கையாகத் தோன்றுவது, சென்னையின் தென்பகுதியில் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காலைதோறும் நடக்கும் கார் அபிஷேகம். வாயில் வைத்தால் கரிக்கும் போர் தண்ணீரை ரப்பர் குழாயில் பீச்சி, மேற்புறத்தை மட்டும் துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, அடியில் சொட்டும் உப்பு நீரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மாதத்துக்கு இரண்டு முறை நல்ல தண்ணீரால் சக்கர வளைவுகளையும் அடிப்பாகத்தையும் சேறு போக அலசி, வண்டியைச் சற்றுத் தூரம் ஓட்டி உலர்த்துவதற்கு எங்கள் பகுதி வாட்டர் சர்வீஸில் சில நூறு ரூபாய்தான் ஆகிறது.

வெள்ளத்தில் நின்ற வண்டிகளின் கதை தனி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய கார்களை மீட்டவர்கள் எஞ்சினைப் பார்த்தார்கள், சீட்டைக் காயவைத்தார்கள். தரை விரிப்புக்கு அடியிலிருந்த பஞ்சு பல வாரங்கள் ஈரத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பலர் கவனிக்கவில்லை. அங்கே துரு மேலிருந்து கீழே இறங்குகிறது; அடியில் என்ன பூச்சு அடித்திருந்தாலும் அதற்குத் தடையில்லை. என் டிங்கர் இப்போதெல்லாம் எந்த வண்டி வந்தாலும் முதலில் விரிப்பைத் தூக்கிவிட்டு உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். பிறகு ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை எடுத்துக்கொண்டு, கதவுகளுக்கு அடியிலுள்ள துவாரங்களை ஒவ்வொன்றாகக் குத்தி விடுகிறார். மழை ஓய்ந்து நான்கு நாளான பின்னும் சில கதவுகளிலிருந்து கால் லிட்டர் ஜலம் கொட்டுகிறது. அதற்கு அவர் காசு வாங்குவதில்லை.