தோற்றவனுக்கு மாலை ஏன்?

பெருங்கதையொன்றைப் படித்து முடித்தவர் நூலை மூடி வைத்துவிடுவார். கதையோ அவரை விடுவதில்லை. "அந்தக் கிழவர் யார்? அந்த மோதிரத்திற்கு அத்தனை ஆற்றல் எங்கிருந்து வந்தது? அவன் ஏன் அப்படிச் செய்தான்?" என்று உள்ளம் வினவிக்கொண்டே இருக்கும். தானே ஒரு விடையைக் கற்பித்துக்கொள்ளும். அவ்விடையை மற்றொரு வாசகரிடம் சொல்லி வாதிடவும் செய்யும். மாயமும் வீரமும் கலந்த நெடுங்கதைகள் மேலை நாடுகளில் பெருகிய பின்னர், இவ்வாறு ஊகித்தல் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது. ராபர்ட் ஜோர்டன் என்னும் அமெரிக்கர் எழுதிய ‘காலச் சக்கரம்’ என்ற தொடரின் ஐந்தாம் நூல் 1993-இல் வெளிவந்தது. அதில் ஒரு பாத்திரம் கொலையுண்டது. கொன்றவர் யார் என்பதை ஆசிரியர் கூறவில்லை. 2007-இல் அவர் காலமானார். அவர் விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு மற்றோர் எழுத்தாளர் தொடரை நிறைவு செய்தார். 2010-இல் வெளிவந்த நூலின் இறுதியிலுள்ள சொற்பட்டியலில்தான் கொலையாளியின் பெயர் கிடைத்தது. 17 ஆண்டுகள் வாசகர்கள் தடயங்களைத் தொகுத்து வாதிட்டுக்கொண்டிருந்தனர்!

இது வீண் பொழுதுபோக்கன்றோ என்று சிலர் கேட்கலாம். சில வினாக்கள் அத்தகையனவே. ஆயினும் எல்லா வினாக்களும் ஒரே தரத்தவை அல்ல. இவ்வகைக் கதைகளுள் மூத்த கதை ஒன்றையும், அதன் வாசகர்கள் ஆசிரியருக்கு எழுதிக் கேட்ட வினாக்களையும் எடுத்துக்கொண்டு இதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

ஆசிரியரும் கதையும்

ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1892-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தார். 1900-ஆம் ஆண்டில் தாய் மேபல், உற்றாரின் எதிர்ப்புக்கிடையே கத்தோலிக்க மறையைத் தழுவினார். 1904-இல் அத்தாயும் மறைந்தார். அநாதைகளான டோல்கீனையும் அவருடைய தம்பியையும் பர்மிங்காம் ஆரட்டரியைச் சேர்ந்த பிரான்சிஸ் மார்கன் என்னும் குருவானவர் பாதுகாவலராயிருந்து பேணினார். 1916-இல் சோம் போர்க்களத்தைக் கண்ட டோல்கீன், பின்னாளில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த அவரது பெருங்கதையே ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’. மோதிரங்களின் அதிபதி என்பது அதன் பொருள்.

கதையைச் சுருக்கமாகக் காண்போம். சௌரான் என்னும் இருளரசன் தன் வலிமையின் பெரும்பகுதியை ஒரு மோதிரத்தில் வார்த்து வைத்தான். காலப்போக்கில் அது ஹாபிட் எனப்படும் சிற்றினத்தாருள் ஒருவனாகிய பிரோடோவின் கைக்கு வந்து சேர்கிறது. அணிபவனை அது பிறர் கண்ணுக்கு மறைக்கும். ஆனால் மெல்ல மெல்ல அவனைத் தன் அடிமையாக்கிவிடும். அது பிறந்த எரிமலையின் நெருப்பிலன்றி வேறெதிலும் அழியாது. அப்பயணத்தைப் பிரோடோ மேற்கொள்கிறான். தோட்டக்காரனாகிய சாம் அவனுக்குத் துணை. மோதிரத்தை முன்னர் நெடுங்காலம் வைத்திருந்து அதனாலேயே உருக்குலைந்து போன கோல்லம் என்பவன் அவர்களைப் பின்தொடர்கிறான்.

நூல் வெளிவந்ததும் ஆசிரியருக்குக் கடிதங்கள் குவிந்தன. அவரும் சலியாமல் பதில் எழுதினார். அவர் 1973-இல் காலமான பிறகு, 1981-இல் அவருடைய கடிதங்களுள் 354 தொகுக்கப்பெற்று நூலாக வெளிவந்தன. வாசகர் எதைக் கேட்டனர், ஆசிரியர் எதைச் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பவற்றை அத்தொகுப்பில் காணலாம்.

காட்டில் வாழும் கிழவர் யார்?

கதையின் தொடக்கத்தில் டாம் பாம்படில் என்றொருவர் வருகிறார். பாடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் காட்டோரத்தில் வாழ்பவர். உலகையே நடுங்கச் செய்யும் மோதிரத்தை வாங்கி விரலில் இடுகிறார், அவர் மறைவதில்லை. பிரோடோ அதை அணிந்து மறைந்தபோதும் அவர் கண்ணுக்கு அவன் தெரிகிறான். யார் இவர்? வானவருள் ஒருவரா? இயற்கையின் ஆவியா? ஆசிரியரே வேடமிட்டு வந்தாரா? இன்றுவரை வாசகர் ஓயவில்லை. ‘அவர் யார்?’ என்று பிரோடோ கேட்க, ‘அவர் இருக்கிறார்’ என்னும் பொருள்பட அவருடைய மனைவி விடையிறுப்பதைக் கண்டு, இவர் கடவுளேயோ என்று ஐயுற்றவரும் உண்டு. ஆக்ஸ்போர்டிலிருந்த கத்தோலிக்கப் புத்தகசாலை ஒன்றின் நிர்வாகி பீட்டர் ஹேஸ்டிங்ஸ் 1954-இல் இதனைக் குறிப்பிட்டு ஆசிரியருக்கு எழுதினார். எரியும் முட்செடியிலிருந்து இறைவன் மோயீசனுக்கு வெளிப்படுத்திய திருப்பெயர் வேறு, இப்பெண் கூறிய எளிய சொல் வேறு என்று டோல்கீன் தம் விடையில் தெளிவுபடுத்தினார்.

எனினும் பாம்படில் யாரென்று அவர் அறுதியிட்டுக் கூறவில்லை. எந்தக் காலத்திலும் சில புதிர்கள் இருந்தே தீரும். இவர் வேண்டுமென்றே வைக்கப்பட்ட புதிர் என்பதே அவருடைய நிலை. உண்மையில் பாம்படில், டோல்கீனின் பிள்ளைகள் வைத்து விளையாடிய ஒரு பொம்மையிலிருந்து பிறந்தவர்; 1934-இலேயே ஒரு கவிதையில் தோன்றியவர். ஆயினும் அவருக்குக் கதையில் ஓர் இடம் உண்டு என்பதை ஆசிரியர் விளக்கினார். நல்லோரும் தீயோரும் ஆதிக்கத்திற்காகவோ அதனைத் தடுப்பதற்காகவோ போராடும் உலகில், வறுமை வார்த்தைப்பாடு எடுத்தவரைப்போல் ஆளும் விருப்பத்தையே துறந்துவிட்ட ஒருவர் இருப்பாராயின், ஆதிக்கத்தின் ஆசை அவரை என்ன செய்யும்? பொருள்களை அவற்றிற்காகவே கண்டு மகிழ்பவருக்கு மோதிரம் வெறும் உலோக வளையமே. ‘யார்’ என்ற வினாவிற்கு விடை கிடைக்கவில்லை. ‘ஏன்’ என்ற வினாவிற்கோ அருமையான விடை கிடைத்தது.

தீமையால் படைக்க முடியுமா?

ஹேஸ்டிங்ஸ் எழுப்பிய மற்றொரு வினா மேலும் ஆழமானது. கதையில் ஓர்க்குகள் என்னும் கொடிய இனம் வருகிறது. எதிரி அவர்களை உண்டாக்கினான் என்று ஒரு பாத்திரம் கூறுகிறது. படைத்தல் இறைவனுக்கே உரியதாயிற்றே. தீயவன் எப்படிப் படைக்கக்கூடும்? டோல்கீன் இதனை மிகவும் பொருட்படுத்தினார். உண்டாக்குதல் வேறு, இன்மையினின்று படைத்தல் வேறு; மேலும் ஒரு பாத்திரத்தின் கூற்றெல்லாம் ஆசிரியரின் கூற்றாகாது என்று விளக்கினார். இருள், உள்ளதைக் கெடுத்துப் பழிப்புருவாக்குமேயன்றிப் புதிதாக எதையும் ஆக்காது என்று பிரோடோவே கதையில் கூறுகிறான். ஓர்க்குகளை ‘மீட்கவே முடியாத தீயோர்’ என எழுதப்போன டோல்கீன், அது வரம்பு கடந்த சொல்லாகும் என்று நிறுத்திக்கொண்டார். உலகம் இறைவனுடையது, முடிவில் நன்மையானது. ஆதலின் அதில் இருக்க விடப்பட்ட எதையும் முற்றிலும் தீயது எனத் தள்ள அவர் மனம் ஒப்பவில்லை.

நீண்டு சென்ற இந்த விடையை அவர் இறுதியில் அனுப்பவேயில்லை. தம்மைத் தாமே பெரிதாக மதித்துக்கொள்வதாகும் என்று எண்ணி நிறுத்தி வைத்தார். ஆனால் வினா அவரை விடவில்லை. ஓர்க்குகளின் பிறப்பைப்பற்றிப் பிற்காலத்தில் அவர் பலவாறாக மாற்றி மாற்றி எழுதிய குறிப்புகளை அவருடைய மகன் கிறிஸ்டோபர் 1993-இல் வெளியிட்டார். ஒரு வாசகரின் ஐயம் ஓர் ஆசிரியரை எவ்வளவு தூரம் சிந்திக்க வைக்கக்கூடும், பாருங்கள்!

மாயத்தில் நல்லதும் உண்டோ?

‘மாயம்’ என்ற சொல்லைக் கேட்டதும் கிறிஸ்தவப் பெற்றோர் முகம் சுளிப்பது இயல்பே. சூனியமும் குறிகேட்டலும் முதற்கட்டளைக்கு மாறானவை என்று நாம் கற்றிருக்கிறோம். அப்படியானால் நல்லவராகிய காண்டால்ப் என்னும் முதியவர் மாயம் செய்கிறாரே, அது சரியா?

டோல்கீன் இதற்கு இரண்டு பழைய கிரேக்கச் சொற்களைக் கொண்டு வகுத்துரைத்தார். பொருளுலகில் மெய்யான விளைவை உண்டாக்குவது ‘மாகியா’. கண்ணையும் கருத்தையும் மயக்குவது ‘கோயெத்தியா’. இவ்விரண்டையும் கதையில் இரு தரப்பினரும் கையாளுகின்றனர். எனவே வகையைக் கொண்டு நல்லது தீயது எனப் பிரித்தல் இயலாது; நோக்கத்தையும் பயனையும் கொண்டே பிரித்தல் வேண்டும். எதிரி முதலாவதைக் கொண்டு மக்களையும் மண்ணையும் நசுக்குகிறான். இரண்டாவதைக் கொண்டு அச்சுறுத்தி அடிமைப்படுத்துகிறான். பிறருடைய மனச் சுதந்திரத்தைப் பறித்து ஆள்வதே தீய மாயத்தின் உயிர். எல்வ் என்னும் மூத்த இனத்தாரின் மாயமோ ஆதிக்கமன்று, கலை. ஹாபிட்டுகள் அதனை மாயம் என்று அழைப்பது கண்டு எல்வ் அரசி வியப்படைகிறாள். எதிரியின் வஞ்சகத்திற்கும் இவர்கள் இதே சொல்லை வழங்குகிறார்களே என்பது அவள் வியப்பு.

டோல்கீன் மேலும் ஒரு படி சென்று, இயந்திரத்தையும் இம்மாயத்தோடு சேர்த்து எண்ணினார். உள்ளத்தின் ஆற்றலை வளர்க்கும் பொறுமையின்றி, எண்ணியதை உடனே நிறைவேற்றப் பிறரையும் இயற்கையையும் வளைக்கும் கருவி எதுவாயினும் அது மோதிரத்தின் இனமே. மந்திரக்கோல் இல்லாத இல்லங்களிலும் இந்த மாயம் நடமாடுகிறதன்றோ? அன்பின் பெயரால் பிள்ளையின் விருப்பத்தை முறித்துத் தன் விருப்பத்தை நாட்டும் தந்தையும், கண்ணீரைக் கருவியாக்கிக் கணவனை ஆட்டி வைக்கும் மனைவியும், கோபத்தால் மனைவியை வாயடைக்கச் செய்யும் கணவனும் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய வினா

வாசகர்களை மிகவும் கொதிப்படையச் செய்த வினா கதையின் முடிவைப்பற்றியது. அத்தனை துன்பங்களைத் தாங்கி எரிமலையின் விளிம்பை அடைந்த பிரோடோ, இறுதிக் கணத்தில் மோதிரத்தை எறிய மறுத்துவிடுகிறான்! அது தனக்கே உரியதென்று சொல்லி விரலில் அணிந்துகொள்கிறான். அப்போது கோல்லம் பாய்ந்து அவனுடைய விரலைக் கடித்து மோதிரத்தைப் பறிக்கிறான். மகிழ்ச்சியில் கூத்தாடிக் கால் தவறி நெருப்பில் விழுகிறான். மோதிரம் அழிகிறது. உலகம் பிழைக்கிறது. பிறகு பிரோடோவுக்குப் பெருஞ்சிறப்புச் செய்யப்படுகிறது.

இவன் தோற்றவனல்லவா? இவனுக்கு மாலை ஏன்? துரோகியென்று மரண தண்டனை விதிப்பதை விட்டு மரியாதை செய்வதா என்று சீற்றத்தோடு ஒருவர் எழுதிய கடிதமும் டோல்கீனுக்கு வந்தது.

1963-இல் ஒரு வாசகிக்கு எழுதிய வரைவில் அவர் இதற்கு விரிவாக விடை கூறினார். பிரோடோ தோற்றது மெய்யே. ஆனால் அதனை ஒழுக்கக் கேடாக அவர் கருதவில்லை. அந்த இடத்தில், அத்தனை காலத் துன்பத்திற்குப் பின், மோதிரத்தின் வலிமையை எந்த உயிராலும் எதிர்த்து நின்றிருக்க முடியாது. தன்னால் இயன்ற அனைத்தையும் அவன் எஞ்சாமல் கொடுத்துவிட்டான்; காரியம் நிறைவேறுவதற்குரிய நிலையை உண்டாக்கினான். எஞ்சியதை முடித்தது வேறொரு கரம்.

அக்கரத்திற்கு வழி திறந்தது எது? இரக்கம். வழியில் கோல்லத்தைக் கொல்லப் பிரோடோவுக்கு வாய்ப்பு இருந்தது, கொல்லவில்லை. தன்னை வஞ்சிக்கக் கூடியவன் என்றறிந்தும் பொறுத்தான். அன்று அவன் கோல்லத்தைக் கொன்றிருந்தால் இறுதியில் மோதிரத்தை நெருப்பில் வீழ்த்த ஒருவரும் இருந்திருக்கமாட்டார். தான் காட்டிய இரக்கத்தாலேயே அவன் இரக்கம் பெற்றான். 1956-இல் எழுதிய மற்றொரு வரைவில், இம்முடிவைக் கர்த்தர் கற்பித்த செபத்தின் இறுதி மன்றாட்டுகளோடு டோல்கீன் இணைத்துக் காட்டினார். பிறர் குற்றங்களைப் பொறுப்பதும், சோதனையில் விழாதபடி வேண்டுவதும், தீமையினின்று மீட்கப்படுவதும் ஒரே மூச்சில் நாள்தோறும் நம் வாயிலிருந்து வருகின்றனவல்லவா?

இதனோடு மற்றொரு காட்சியையும் அவர் சுட்டினார். உறங்கும் பிரோடோவைக் கண்டு கோல்லம் ஒரு நொடி மனம் நெகிழ்கிறான். அவனுடைய முழங்காலை மெல்லத் தொடுகிறான். அப்போது விழித்த சாம் ஐயத்தால் கடுஞ்சொல் கூறுகிறான். நெகிழ்ந்த மனம் மீண்டும் கல்லாகிறது. சாம் நல்லவன், உண்மையுள்ளவன்; ஆயினும் தக்க நேரத்தில் வராத ஓர் அன்புச் சொல்லால் ஓர் ஆன்மா திரும்பும் வாய்ப்பு நழுவிப்போயிற்று. கதையின் மிகத் துயரமான இடங்களுள் இதுவும் ஒன்று என்பது ஆசிரியரின் கருத்து.

இல்லங்களுக்கு ஒரு சொல்

பிரோடோ வீடு திரும்பிய பின்னரும் அமைதி பெறவில்லை. தான் செய்ததெல்லாம் தோல்வியே என்று தன்னைத்தானே நொந்துகொண்டான். இத்தகையோர் நம் இல்லங்களிலும் உள்ளனர். நோயுற்ற மாமியாரைப் பத்தாண்டுகள் பேணிவிட்டுக் கடைசி வாரத்தில் பொறுமையிழந்து பேசிய சொல்லுக்காக வாழ்நாளெல்லாம் வருந்தும் மருமகள் உண்டு. குடியை விட்டொழிக்க ஆண்டுக்கணக்காகப் போராடி ஒருநாள் சறுக்கியவர் உண்டு. இவர்களைத் தோற்றவர்கள் என்று எளிதில் எழுதிவிடுகிறோம். முழுதும் கொடுத்துவிட்டு விளிம்பில் வீழ்ந்தவரை இறைவன் எவ்வாறு காண்கிறார் என்பதே அந்தச் சீற்றமான கடிதத்திற்குள் மறைந்திருந்த வினா.

ஆகவே, பிள்ளைகள் ஒரு மாயக்கதையைப் படித்துவிட்டு ‘அவர் யார், இவர் ஏன்’ என்று கேட்டால் எரிந்து விழ வேண்டா. கொலையாளியின் பெயரோ கிழவரின் குலமோ தெரியாமற்போனால் நட்டமில்லை. "அவன் செய்தது சரியா? நீயாயிருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்ற வினாவுக்கு அவர்களைக் கொண்டுவந்து விடுங்கள். அந்த வினாவைப் பிள்ளைகளும் பெற்றோரும் ஒன்றாய் அமர்ந்து ஆராயும் இல்லத்தில், விளிம்பில் வீழ்ந்தவருக்கும் ஒரு மாலை காத்திருக்கும்.