மலையில் சிக்னல் இல்லாத இடத்திலிருந்து வீட்டுக்குத் தகவல்: போனை மட்டும் தயார் செய்தால் போதுமா?

சனிக்கிழமை அஸர் நேரம். அதிகாலையில் நண்பர்களோடு மலையேறப் போன மகனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி ஒற்றை டிக்கோடு நிற்கிறது. உம்மா ஸலவாத் ஓதியபடி போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "மலையில் சிக்னல் இருக்காது, வந்துவிடுவான்" என்கிறார் வாப்பா. இருவரில் யார் சொல்வது சரி என்று இருவருக்குமே தெரியாது. அமெரிக்கா, கனடாவில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் இந்தக் காத்திருப்பு பழகிப்போன ஒன்று.

டவர் இல்லாத இடத்திலிருந்தும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வசதி இப்போது நம் கையிலிருக்கும் போனிலேயே வந்துவிட்டது. ஆனால் புறப்படும் முன்பே, சிக்னல் உள்ள இடத்தில், அதற்கான ஏற்பாடுகளைச் செய்து முடிக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, தகவல் வராவிட்டால் என்ன செய்வது என்பதை வீட்டில் இருப்பவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். பலர் முதலாவதைக்கூட செய்துவிடுகிறார்கள், இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

ஐபோன் 14 முதல் வந்த போன்களில் இவ்வசதி உண்டு. 2022 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் அவசர உதவிக்காக மட்டும் தொடங்கப்பட்டது. 2024-ல் ஐஓஎஸ் 18 வந்தபின் இவ்விரு நாடுகளிலும் சாதாரணச் செய்திகளையும் அனுப்ப முடிகிறது. கூகுளின் பிக்சல் 9 வரிசையில் (9ஏ நீங்கலாக) அமெரிக்காவில் அவசர உதவி வசதி இருக்கிறது. டி-மொபைல் நிறுவனம் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களைக் கொண்டு 2025 ஜூலையில் தொடங்கிய சேவை வேறு பல போன்களிலும் இயங்குகிறது. நம்மவர்களிடம் ஐபோன் அதிகம் என்பதால் அதை வைத்தே விளக்குகிறோம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. சீனா, ஹாங்காங், மக்காவ் ஆகிய இடங்களில் வாங்கிய ஐபோன்களில் இந்த வசதி கிடையாது. காயல்பட்டினம், கீழக்கரைக் குடும்பங்களில் ஹாங்காங்கிலிருந்து மச்சானோ மாமாவோ வாங்கிக் கொடுத்த போன் ஒன்றாவது இருக்கும். மலைக்கு அதை நம்பிப் போகாதீர்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஐபோன் பயன்படுத்தும் குளோபல்ஸ்டார் செயற்கைக்கோள்கள் சுமார் 1,400 கிலோமீட்டர் உயரத்தில் வேகமாகச் சுற்றி வருபவை. உள்ளங்கையில் அடங்கும் போன் அவ்வளவு தொலைவுக்குத் தன் சிறு ஆன்டெனாவால் பேச வேண்டும். அதனால் எந்தத் திசையில் திருப்ப வேண்டும் என்று திரையிலேயே வழிகாட்டும், நாம் அதன்படி நின்று பிடிக்க வேண்டும். வானம் நன்கு திறந்திருந்தால் அரை நிமிட அளவில் செய்தி போய்விடும். மரக்கிளைகள் மறைத்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அடர்ந்த காட்டிலும் குறுகிய பள்ளத்தாக்கிலும் போகாமலே இருக்கலாம். சட்டைப்பையில் கிடக்கும் போன் தானாக எதையும் அனுப்பாது.

கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். சான்பிரான்சிஸ்கோ பகுதியிலிருந்து காரில் சுமார் நான்கு மணி நேரம். அங்குள்ள ஹாஃப் டோம் பாறைக்கு ஏறி இறங்க 22 முதல் 26 கிலோமீட்டர் நடக்க வேண்டும், பெரும்பாலோருக்கு 10 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். பள்ளத்தாக்கின் இருபுறமும் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்துக்குக் கருங்கல் சுவர்கள். அடிவாரத்தில் நின்றால் வானம் ஒரு பட்டை போலத்தான் தெரியும். மேலே நெவாடா அருவியின் உச்சியில் பாறை விரிந்து வானம் திறந்திருக்கிறது. அதைத் தாண்டி லிட்டில் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குள் போனால் மறுபடியும் மரங்கள். எனவே "இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தகவல்" என்று பேசிக்கொள்வதை விட, "நெவாடா அருவி உச்சியில் ஒன்று, பாறையின் மேலிருந்து ஒன்று, திரும்பும்போது அதே அருவியில் ஒன்று" என்று இடத்தைக் குறித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்து வரும்.

இனி போனில் செய்ய வேண்டியவை. மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு, ஐமெசேஜ் இயங்குகிறதா என்று பாருங்கள். சிக்னல் போனபின் அதை இயக்க முடியாது. ஹெல்த் செயலியில் உள்ள மெடிக்கல் ஐடியில் இரத்த வகை, ஒவ்வாமை, சாப்பிடும் மருந்துகள், அவசரத் தொடர்பு எண்கள் ஆகியவற்றை நிரப்புங்கள். இந்த அவசரத் தொடர்பில் இன்னொரு பயனும் இருக்கிறது. அதில் இருப்பவர்களும் ஃபேமிலி ஷேரிங்கில் இருப்பவர்களும், நீங்கள் முதலில் செய்தி அனுப்பாவிட்டாலும், செயற்கைக்கோள் வழியாக உங்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்ப முடியும். மற்றவர்களுக்கு நீங்கள்தான் தொடங்க வேண்டும். ஃபைண்ட் மை செயலியில் வீட்டாரோடு இருப்பிடத்தைப் பகிர்ந்து வைத்தால், 15 நிமிடத்துக்கு ஒரு முறை நீங்கள் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாக அனுப்பலாம். வீட்டில் இருப்பவரிடமும் ஐபோன் இருந்தால் இது எளிது.

வாட்ஸ்அப்பை மறந்துவிடுங்கள். குடும்பக் குழு, ஊர்க் குழு, ஜமாஅத் குழு எல்லாம் அதில்தான் என்றாலும், ஐபோனின் சொந்தச் செயற்கைக்கோள் இணைப்பில் அது இயங்காது. படமும் வீடியோவும் குரல் பதிவும் போகாது. எழுத்து மட்டும்தான், அதுவும் சுருக்கமாக. எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் இடத்தில் தமிழில் 70 குறிகளே கொள்ளும், 'கொ' என்ற ஓர் எழுத்தே இரண்டு குறியாகக் கணக்காகும். "நெவாடா. 4 பேரும் நலம்" என்ற அளவில் முன்கூட்டியே வாசகங்களை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

போனிலேயே ஒரு செயல்விளக்கப் பயிற்சி இருக்கிறது. செட்டிங்ஸில் எமர்ஜென்சி எஸ்ஓஎஸ் பகுதியில் கிடைக்கும். முந்தைய நாள் வீட்டு வாசலில் நின்று, குழுவில் எல்லோரும் ஒரு முறை செய்து பாருங்கள். நடக்கும்போது ஏர்பிளேன் மோடில் வைத்தால் டவரைத் தேடித் தேடி பேட்டரி வீணாகாது, ஜிபிஎஸ்ஸும் வேலை செய்யும். தகவல் அனுப்பும்போது மட்டும் அதை அணைத்துக்கொள்ளலாம். வரைபடத்தை ஆஃப்லைனாக இறக்கிக்கொள்ளுங்கள். பவர் பேங்கும், அதைவிட அடிக்கடி மறந்துபோகும் கேபிளும் பையில் இருக்கட்டும்.

இனி வீட்டுப் பக்கம். தகவலைப் பெறுபவர் அதே நாட்டில் இருப்பவராக இருக்கட்டும். கலிபோர்னியாவுக்கும் நம் ஊருக்கும் கோடையில் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். நள்ளிரவில் ஊரில் உம்மாவை விழிக்க வைப்பதால் அவருக்குக் கவலைதான் மிஞ்சும், அங்கிருந்து அவரால் எதுவும் செய்ய இயலாது.

நேரத்தைக் கடிகார மணியில் சொல்லுங்கள். "லுஹர் தொழுததும் செய்தி போடுகிறேன்" என்பது நம் வழக்கம், கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் குழுவில் ஷாஃபி மத்ஹபினர் பயணத்தில் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழ நினைப்பார்கள், ஹனஃபி சகோதரர் தனித்தனியாகத் தொழுவார். வீட்டில் இருப்பவர் வக்து தொடங்கிய நிமிடத்திலிருந்தே எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுவார். அதற்குப் பதில் "பகல் 1 மணி முதல் 2 மணிக்குள்" என்றால் குழப்பமில்லை. தொழுவதற்கு எப்படியும் திறந்த இடம் தேடி நிற்போம், அங்கேயே போனையும் வானத்துக்குக் காட்டிவிடலாம் என்பது உண்மைதான்.

தகவல் வராவிட்டால்? ஒரு தகவல் தவறினால் எதுவும் செய்ய வேண்டாம். மரமோ பாறையோ மறைத்திருக்கலாம், பேட்டரி தீர்ந்திருக்கலாம். ஆனால் ஒரு கடைசி நேரத்தை முன்பே குறித்துவிட வேண்டும். அதிகாலை 5 மணிக்கு ஏறத் தொடங்குபவர்கள் மாலை 5 மணிக்குள் இறங்கிவிடுவோம் என்று கணக்கிட்டால், "இரவு 9 மணி வரை எங்களிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லையென்றால் அழையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். 9 மணிக்கு வீட்டில் இருப்பவர் யாரிடமும் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. 'போலீஸை அழைத்து ஊரைக் கூட்டிவிட்டோமே' என்ற தயக்கம் நம் குடும்பங்களில் அதிகம். நேரத்தை முன்பே மகனே எழுதிக் கொடுத்திருந்தால் அந்தத் தயக்கத்துக்கு வேலையில்லை.

அந்தத் தாளிலேயே பாதையின் பெயர், கார் எண், கார் நிறுத்திய இடம், ஒவ்வொருவர் பெயரும் வயதும், உடையின் நிறம், யாருக்காவது சர்க்கரையோ ஆஸ்துமாவோ இருந்தால் அது, எல்லாம் இருக்கட்டும். கலிபோர்னியாவில் தேடுதல் பணி பொதுவாக அந்தந்த கவுண்டி ஷெரிஃபின் பொறுப்பு, தேசியப் பூங்காவுக்குள் பூங்காவின் ரேஞ்சர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். போகும் இடத்துக்குரிய எண்ணைத் தேடி எழுதி வையுங்கள்.

மூவர் பயணம் போனால் ஒருவரை அமீராக்கிக்கொள்ள வேண்டும் என்ற நபிகளாரின் (ஸல்) வழிகாட்டல் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. தகவல் அனுப்பும் பொறுப்பை அந்த அமீரிடமே கொடுத்துவிடலாம், போன் வைத்திருக்கும் இன்னொருவர் துணைக்கு இருக்கட்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன திர்மிதி ஹதீஸை நாம் மிம்பர்களில் கேட்காத ஆண்டே இல்லை. இந்தத் தாளை எழுதுவதும் அந்தக் கயிற்றைக் கட்டுவதைச் சேர்ந்ததுதான்.

அவசர உதவி பொத்தான் உயிருக்கு ஆபத்து, காயம், வழி தவறுதல் போன்றவற்றுக்கு மட்டும். முதலில் 911-ஐ அழைத்துப் பார்க்க வேண்டும். இணைப்பு கிடைக்காவிட்டால் செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் வாய்ப்பைப் போனே காட்டும். என்ன நேர்ந்தது என்று சில கேள்விகள் கேட்கும், நீங்கள் தேர்வு செய்யும் பதில்களோடு இருப்பிடமும் பேட்டரி அளவும் சேர்ந்து போகும். கால் வலிக்கிறது என்பதற்காக அழுத்தினால், ரேஞ்சர்கள் தம் உயிரைப் பணயம் வைத்து இருட்டில் ஏறி வருவார்கள்.

ஊருக்கு விடுமுறையில் வரும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ஐபோனின் இந்த வசதி இந்தியாவில் இயங்காது, போனைக் கொண்டு வருவதில் சிக்கலில்லை. ஆனால் கார்மின் இன்ரீச் போன்ற தனிக் கருவிகளையும் சாட்டிலைட் போன்களையும் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி இந்தியாவுக்குள் வைத்திருப்பது குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் இன்ரீச் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் பிடிபட்டு வழக்கைச் சந்தித்தார். மலையேற்றப் பையையே அப்படியே ஊருக்குத் தூக்கி வருபவர்கள் அதன் ஓரப் பைகளை ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

கடைசியாக, இறங்கி வந்ததும் அனுப்ப வேண்டிய செய்தி. களைப்பும் பசியும் சேர்ந்து, காரில் ஏறியதும் ஹலால் கடை எங்கே என்று தேடும் அவசரத்தில் இதுதான் விட்டுப்போகும். வீட்டில் 9 மணியை நோக்கிக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். காரை நகர்த்தும் முன் அமீர் "எல்லோரும் இறங்கிவிட்டோம்" என்று அனுப்பி, பதில் வந்த பிறகே சாவியைத் திருப்பட்டும்.