புது டியூப்பும் ஏன் புஸ்ஸென்று போகிறது?

சைக்கிளுக்குப் புது டியூப் மாட்டினால், மறுநாளே காற்று இறங்கிவிடுகிறது. இன்னொன்று மாட்டினால் அதுவும் போச்சு! "கடைக்காரன் மட்டச் சரக்கைத் தலையில கட்டிட்டான்" என்று உடனே ஏசுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். அடுத்தடுத்து டியூப் போனால், குற்றம் பெரும்பாலும் டியூப்பில் இல்லை. ரிம்மிலோ, டயரிலோ, மாட்டிய கையிலோ இருக்கிறது.

நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கம் விடியுமுன் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல. பிரட்டுக்குப் பிந்தினால் அன்றைய சம்பளத்துக்கே மோசம்.

போன டியூப்பை வீசாதீர்கள். காற்றடித்து வாளித் தண்ணீரில் முக்கி, ஓட்டை எங்கே என்று பாருங்கள். அதுவே காரணத்தைச் சொல்லிவிடும்.

ரிம் பக்கம் ஓட்டையா? ரிம் நாடா விலகி, கம்பி முனை குத்துகிறது. நாடாவை மாற்றுங்கள், நீட்டி நிற்கும் முனையை அரத்தால் ராவுங்கள்.

டயர் பக்கம் ஓட்டையா? முள்ளோ கண்ணாடியோ இன்னும் டயருக்குள் இருக்கிறது. வெறும் விரலால் தடவாமல், பழந்துணியால் உட்புறம் முழுவதும் துடையுங்கள். துணி சிக்கும் இடத்தில்தான் ஆள் ஒளிந்திருக்கிறான்.

வால்வின் அடியில் கிழிசலா? காற்றுக் குறைவால் டயர் நழுவி, டியூப்பையும் இழுத்திருக்கிறது.

ஓட்டையே இல்லையா? பழைய மாதிரி வால்வென்றால், அதிலுள்ள சின்ன ரப்பர் குழாய் இற்றிருக்கும்.

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டையா? மாட்டும்போது நெம்பிய இரும்பு கடித்திருக்கும். அல்லது காற்றில்லாத டயர் கல்லில் மோதியிருக்கும். பெல்பாஸ்ட் நகரில் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்து, 1888இல் காப்புரிமை பெற்ற காலந்தொட்டு, பாரத்தைத் தாங்குவது டயருக்குள் அடைத்த காற்றுதான். ஜார்ஜ் டவுன் சூலியா தெருவில் ஓடும் டிரைஷாவைப் பாருங்கள். பயணிகளின் பாரம் முன்சக்கரங்கள் இரண்டின்மேல். பின்னால் மூட்டை கட்டிய நம் சைக்கிளிலோ, பாரம் முழுதும் பின்சக்கரத்தின்மேல். அங்கே காற்றைக் குறைய விடாதீர்கள்.

இனி, மாட்டும் முறை. முதலில் அளவு. 26 என்று போட்டதெல்லாம் ஒன்றல்ல. 26 x 1⅜ டயர் உட்காரும் ரிம்மின் குறுக்களவு 590 மில்லிமீட்டர். 26 x 1.75க்கு 559தான். டயரின் அளவு பார்த்து டியூப் கேளுங்கள்.

டியூப் உருண்டு நிற்குமளவு கொஞ்சம் காற்றடித்து உள்ளே வையுங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி, வால்வருகே முடியுங்கள். கடைசிப் பகுதியைக் கட்டைவிரலால் தள்ளுங்கள்; ஸ்க்ரூ டிரைவர் வேண்டவே வேண்டாம். பிறகு வால்வை ஒருதரம் மேலே அழுத்தி விடுங்கள். டயர் விளிம்பில் டியூப் எட்டிப் பார்க்கிறதா என்று இரு பக்கமும் சுற்றிப் பாருங்கள். பார்க்காமல் காற்றடித்தால், அந்த இடத்தில்தான் 'டமார்' என்று வெடிக்கும்!

இத்தனைக்கும் பத்து நிமிடம் போதும். அடுத்த டியூப்புக்குக் காசு எடுக்குமுன், போன டியூப்பின் ஓட்டையைப் பாருங்கள்.