உதட்டுப்பிளவு... கிரகணத்தின் மேல் ஏன் பழி?

ஆடி, தை அமாவாசைக்குக் கடலாட கோடியக்கரையில் கூட்டம் திரளும். அதே அமாவாசையில் சூரிய கிரகணம் வந்துவிட்டாலோ, டெல்டா வீடுகளில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்கு வாசல் அடைபடும். 'அரிவாள்மனையைத் தொடாதே, பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும்' என்பார்கள் பெரியவர்கள். அப்படி ஒரு குழந்தை பிறந்துவிட்டால், பழி முழுக்கத் தாய்க்குத்தான்.

மருத்துவம் சொல்லும் கணக்கு வேறு. கருவின் மேலுதடு 4 முதல் 7 வாரங்களுக்குள் ஒட்டிச் சேர்கிறது. மேலண்ணம் 6 முதல் 9 வாரங்களுக்குள். ஏழாம் மாதத்தில் வரும் கிரகணம் இதை எப்படிப் பிளக்கும்? கிரகணமே இல்லாத மாதங்களிலும் இப்படிக் குழந்தைகள் பிறக்கின்றன. உலக அளவில் சுமார் 700 பிறப்புக்கு ஒன்று.

உதட்டுப்பிளவு இடப்பக்கமே அதிகம்; ஆண் குழந்தைகளிடம் அதிகம். அண்ணம் மட்டும் பிளந்திருப்பது பெண் குழந்தைகளிடம் அதிகம். பரம்பரை, புகைப்பழக்கம், கர்ப்பத்துக்கு முன்பே இருக்கும் சர்க்கரை நோய், சில வலிப்பு மாத்திரைகள் ஆகியவை ஆபத்தைக் கூட்டும். நெருங்கிய சொந்தத்தில் செய்யும் திருமணமும் கூட்டலாம். வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தாமல், கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேச வேண்டும்.

பிளவைச் சரிசெய்யலாம். உதட்டுக்கு 3 முதல் 6 மாதத்தில் ஆபரேஷன். அண்ணத்துக்குப் பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள். அதுவரை குழந்தையை நிமிர்த்திப் பிடித்துப் பாலூட்ட வேண்டும். பிறகு பேச்சுப் பயிற்சி, காது பரிசோதனை முக்கியம். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் இதற்கு இலவச சிகிச்சை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் வழிகாட்டுவார்கள்.